ஓயும், ஓயாது, தெரியாது

நான் வேலை பார்த்த பட்டறையில் இப்போது ஒரு புதிய வழக்கம் வந்திருக்கிறது. எழுதி முடித்த புரோகிராமைச் செயற்கை அறிவிடம் கொடுத்து, இது எங்காவது மாட்டிக்கொண்டு நிற்காமல் சுற்றுமா என்று கேட்கிறார்களாம். பத்து விநாடியில் ‘சுற்றாது, கண்டிப்பாக முடியும்’ என்று பதில் வந்துவிடுகிறதாம். சோதனைப் பிரிவில் இருக்கும் பெண்கள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பதிலை நம்பிக் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டார்கள். காபி ஆறுவதற்குள் ஏதோ சொல்லி அனுப்பினேன். அவர்கள் போன பிறகு, சொன்னது போதாது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

இருபத்தொன்பது வருடம் நான் பார்த்த வேலைக்கு எங்கள் ஊரில் சரியான பெயர் கிடையாது. ‘கம்பெனியில டெஸ்டிங்’ என்று சொன்னால் ரத்தப் பரிசோதனை என்று நினைத்துக்கொண்டு, கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் யாரையாவது தெரியுமா என்று கேட்பார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் விளக்குவதை விட்டுவிட்டேன்.

அப்பா மில்லில் நூல் பிரிவில் இருந்தார். மில் மூடிய வருடம் நான் கணிதத்தில் பி.எஸ்சி. முடித்தேன். வீட்டில் யாராவது ஒருவர் சம்பாதித்தே ஆக வேண்டும் என்ற நிலையில் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கூரைப் பட்டறையில் சேர்ந்தேன். ஆறு மாதம் சால்டரிங், ஒரு வருடம் மாலை நேரக் கணினி வகுப்பு, அப்புறம் சோதனைப் பலகை. என் படிப்பும் பயிற்சியும் இவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிகளில் அறுவைக் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்குவார்களே, அந்த ஸ்டெரிலைசர் இயந்திரத்துக்கான கன்ட்ரோல் பெட்டியை நாங்கள் செய்தோம். எப்போது சூடேற்றுவது, எத்தனை நிமிடம் அந்தச் சூட்டிலேயே வைத்திருப்பது, எப்போது நீராவியை வெளியேற்றிக் கதவைத் திறந்துவிடுவது என்பதையெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் புரோகிராம் பார்த்துக்கொள்ளும். அந்தப் புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது என் வேலை.

முதலாளியின் பெயர் பெர்னார். பிரான்சில் லிஃப்ட் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். நாங்கள் எல்லோரும் முசியே என்றுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா. காலையில் வந்ததும் வரிசையாக எல்லோருக்கும் கைகொடுப்பார். கூட்டிப் பெருக்கும் அஞ்சலைக்கும் கைகொடுப்பார். எனக்கு இருபத்திரண்டு வயதிலேயே என்னை ‘மதாம்’ என்று அழைத்தார். கடைசி வரை அப்படியேதான் அழைத்தார். கோபம் வந்தால் அவர் குரல் தாழும். இன்னும் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே பேசாமல் நிற்பார். கத்துகிற முதலாளிகளிடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் கூட அந்த மௌனத்துக்குப் பயந்தார்கள்.

சோதனைக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். நிஜ இயந்திரத்துக்குப் பதிலாக ஒரு பலகை இருக்கும். அதில் ஹீட்டருக்குச் சிவப்பு பல்பு, வால்வுக்குப் பச்சை, கதவுப் பூட்டுக்கு மஞ்சள். பெட்டியை அதில் இணைத்து ஒரு முறை முழுதாக ஓட விட்டு, எந்த பல்பு எந்த விநாடியில் எரிந்தது, எப்போது அணைந்தது என்று கையால் எழுத வேண்டும். அடுத்து, ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். சூட்டை அளக்கும் கம்பி அறுந்தால் என்ன செய்கிறது, கதவு மூடியதாக ஸ்விட்ச் பொய் சொன்னால் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, நடுவில் கரண்ட்டை நிறுத்திவிட்டுப் போட வேண்டும். சேர்ந்த புதிதில் ஓர் அறிக்கையில் ‘சரியாக வேலை செய்யும்’ என்று எழுதிக் கொடுத்தேன். ‘செய்யும்’ என்ற சொல்லுக்குக் கீழே பச்சை மையில் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். ‘செய்தது’ என்று எழுத வேண்டுமாம். பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள் என்றார். சோதித்தவரின் கையெழுத்து இல்லாமல் எந்தப் பெட்டியும் வெளியே போகக் கூடாது, முதலாளியே கேட்டாலும் போகக் கூடாது என்ற விதியையும் அவரேதான் போட்டார்.

சேர்ந்து பல வருடம் கழித்து ஒரு நாள், வெளியூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பெட்டி அசையாமல் நின்றுவிட்டது. ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கிறது, கதவு திறக்கவில்லை, கருவிகள் எல்லாம் உள்ளே. வெளியே சிசேரியனுக்காக ஒரு பெண் படுத்திருந்தாள். பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கருவிகள் வாங்கி வந்து சமாளித்திருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் நலம். நானும் முசியேவும் போய்ச் சேர்ந்தபோது தலைமை நர்ஸ் எங்களைத் திட்டவில்லை. ‘இப்படி ஆகும்னு முன்னாடியே உங்களுக்குத் தெரியாதா?’ என்று மட்டும் கேட்டார். முசியே கண்ணாடியைக் கழற்றினார். அப்போது அவர் கோபம் அவர் மேலேயேதான் என்று எனக்குத் தெரியும்.

புரோகிராமில் ஒரு சிறு பகுதி, அழுத்தம் போதிய அளவு ஏறிவிட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அளக்கும் கருவி, கம்பி அறாமலேயே, பழைய அளவில் நின்று பழுதாகிவிட்டதால் அழுத்தம் ஏறியதாகச் செய்தி வரவே இல்லை. அதனால் அது கேட்பதை நிறுத்தவும் இல்லை. திரும்பி வரும்போது காரில் முசியே ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். முன்னாடியே தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தாக வேண்டும் என்றார்.

அடுத்த ஒன்றரை வருடம் அந்த வழியைத்தான் அவர் எழுதிக்கொண்டிருந்தார். அதற்குக் கார்தியன் என்று பெயர் வைத்தார், பிரெஞ்சில் காவல்காரன். அதுவும் ஒரு புரோகிராம்தான். ஆனால் அதன் வேலை மற்ற புரோகிராம்களைப் பார்ப்பது. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அதைத் தன் நினைவுக்குள்ளேயே அடி அடியாக நடத்திப் பார்க்கும். அது முடிவுக்கு வந்தால் ஒரு சொல்லைக் காட்டும்; போன இடத்துக்கே மறுபடி மறுபடி போவதைக் கண்டுபிடித்தால் இன்னொரு சொல்லைக் காட்டும். திரையில் வருவது பிரெஞ்சுச் சொற்கள். பட்டறையில் நாங்கள் ‘ஓயும்’, ‘ஓயாது’ என்று சொல்லிக்கொள்வோம். பிரசவ ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்ட பழைய புரோகிராமை, அளக்கும் கருவி பழுதானதாக வைத்துக் கொடுத்துப் பார்த்தோம். ‘ஓயாது’ என்றது. அன்றைக்கு முசியே எல்லோருக்கும் பேஸ்ட்ரி வாங்கித் தந்தார்.

கார்தியனைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒரு பெரிய இயந்திரக் கம்பெனி நாற்பது பெட்டிகள் கேட்டது. எங்கள் பட்டறைக்கு அது ஒரு வருடத்துச் சாப்பாடு. எந்தப் புரோகிராமையும் கார்தியன் சரியாகச் சொல்லும் என்று முசியே அவர்களுக்குக் கடிதம் எழுதினார். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு கார்தியனை வைத்துவிடுவோம், ஸ்விட்ச் போட்டதும் பெட்டி முதலில் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளட்டும் என்றார்.

முதல் பெட்டியைப் பலகையில் இணைத்து ஸ்விட்ச் போட்டேன். எந்த பல்பும் எரியவில்லை. ஐந்து நிமிடம் ஆனது, அரை மணி ஆனது. காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு நாள் பிடித்தது. பெட்டியின் புரோகிராம் எழுந்ததும் கார்தியனைக் கூப்பிடுகிறது. கார்தியன் அந்தப் புரோகிராமை முதல் அடியிலிருந்து நடத்திப் பார்க்கிறது. முதல் அடியே கார்தியனைக் கூப்பிடுவதுதான். ஆகவே உள்ளே இன்னொரு கார்தியன். அது நடத்திப் பார்க்கும் புரோகிராமுக்குள்ளும் ஒரு கார்தியன். உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

முசியே அசரவில்லை. கார்தியனுக்குள் ஒரு வரி சேர்த்தார். நடத்திப் பார்க்கும்போது, இதே கேள்வியோடு தன்னையே மறுபடி கூப்பிடுவதைக் கண்டால், அந்த இடத்திலேயே கைவிட்டுவிட்டு ‘ஓயாது’ என்று சொல்லிவிட வேண்டும். உள்ளே போய்க்கொண்டே இருப்பதற்கு முடிவு இல்லை என்பதால் ‘ஓயாது’ என்பதுதான் சரியான பதில் என்பது அவர் கணக்கு.

மறுபடி ஸ்விட்ச் போட்டேன். ஏழு விநாடியில் கார்தியன் ‘ஓயாது’ என்றது. அந்தப் பதில் கிடைத்ததும் பெட்டியின் புரோகிராம் அதற்கென்று எழுதியிருந்தபடி எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, ஒழுங்காக வேலையை முடித்துக்கொண்டது. ஓய்ந்துவிட்டது. நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அறிக்கையில் இரண்டு வரி எழுதினேன். ‘இந்தப் புரோகிராம் ஓயாது என்று கார்தியன் சொன்னது. இந்தப் புரோகிராம் எட்டாவது விநாடியில் ஓய்ந்தது.’ கீழே கையெழுத்துப் போடவில்லை.

முசியே இரண்டு முறை படித்தார்.

“மதாம், இதுல நீங்க நெனச்சது ஏதாவது இருக்கா?”

“இல்ல முசியே. பார்த்தது மட்டும்தான்.”

அவர் கோபப்படாமல் எனக்கு விளக்கினார். கார்தியன் கைவிடாமல் இருந்திருந்தால் அது உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கும், நேற்று நீங்களே பார்த்தீர்கள், ஆகவே என் கார்தியனுக்குத் தெரிந்த வரையில் பதில் சரி என்றார். நானும் அன்று முழுவதும் அது சரிதானா என்று யோசித்தேன். எங்கேயோ இடித்தது. எங்கே என்று தெரியவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. மறுநாள் காலை அவர் கைகொடுக்க வந்தபோது சொல்லிவிட்டேன்.

“முசியே, அன்னிக்கு போய்க்கிட்டே இருந்தது பழைய கார்தியன். இப்ப பெட்டியில இருக்கிறது புதுசு. வெளியில இருக்கிற கார்தியன் கைவிடுதுன்னா, உள்ள இருக்கிறதும் அதே கார்தியன்தானே? அதையும் ஓட விட்டிருந்தா அதுவும் கைவிட்டிருக்கும். எல்லாம் முடிஞ்சிருக்கும். முடியறதுக்கு முன்னாடி நீங்க பார்க்கிறத நிறுத்திட்டீங்க.”

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார். என் வீட்டில் அப்போது கணவருக்கும் வேலை இல்லை. அந்த நிமிடத்தில் நான் நினைத்தது கார்தியனைப் பற்றி அல்ல, வேறு பட்டறையில் சோதனை வேலை கிடைக்குமா என்பதைப் பற்றி.

மதியம் புதிய கார்தியனைக் கொண்டு வந்தார். இப்போது தன்னையே கண்டால் ‘ஓயும்’ என்று சொல்லும்படி மாற்றியிருந்தார். பெட்டி சரியாக ஓடியது. ‘ஓயும்’ என்றது, ஓய்ந்தது. இப்போது கையெழுத்துப் போடலாமே என்றார். ஒரு நாள் அவகாசம் கேட்டேன். பெட்டிகளை அனுப்ப இரண்டு வாரம்தான் இருந்தது. ஆனாலும் சரி என்றார்.

என்னோடு பி.எஸ்சி. படித்த கௌரி அப்போது காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் புறப்பட்டேன். கடற்கரைச் சாலையில் பஸ் போகும்போது, பையில் இருந்த நோட்டில் ஐந்து வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். அது கார்தியனிடம் தன்னைப் பற்றியே கேட்கும். கார்தியன் ‘ஓயாது’ என்றால் உடனே ஓய்ந்துவிடும். ‘ஓயும்’ என்றால் ஓயாமல் சுற்றும். கார்தியன் என்ன சொன்னாலும் இது அதற்கு எதிராகத்தான் செய்யும். எழுதி முடித்ததும் எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. கார்தியனுக்குள் எத்தனை வரி சேர்த்தாலும் இந்த ஐந்து வரி அப்படியே இருக்குமே என்று தோன்றியது.

கௌரி நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பெருமையும் பொறாமையும் கலந்த சிரிப்பு.

“அடியே, கம்ப்யூட்டர்னு ஒண்ணு செய்யறதுக்கு முன்னாடியே இத காகிதத்துல நிரூபிச்சிட்டாங்க. எல்லாப் புரோகிராமுக்கும் சரியா பதில் சொல்ற புரோகிராம் ஒண்ணு இருக்கவே முடியாது. உங்க முசியே தோத்துப் போகல. யாராலயும் செய்ய முடியாதத செய்யப் பார்த்தாரு, அவ்வளவுதான்.”

மறுநாள் அந்த ஐந்து வரியைக் கணினியில் ஏற்றி அவர் எதிரிலேயே ஓட விட்டேன். கார்தியன் ‘ஓயும்’ என்றது. புரோகிராம் சுற்ற ஆரம்பித்தது. பத்து நிமிடம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கௌரி சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் அவர் முகத்தில் அவருடைய வயது எனக்குத் தெரிந்தது. அறைக்குள் போனவர் இரண்டு நாள் யாருக்கும் கைகொடுக்கவில்லை. அஞ்சலை மூன்று முறை என்னிடம் வந்து அவருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் வெளியே வந்தார். கையில் இரண்டு காகிதம். ஒன்றில் ஒரு சின்ன மின்னணுச் சில்லின் படம். தொழிலில் அதற்கு வாட்ச்டாக், அதாவது காவல் நாய், என்று பெயர்; புதிய பொருள் ஒன்றும் இல்லை. அது ஒரு தனிக் கடிகாரம் மட்டும்தான். புரோகிராம் இரண்டு விநாடிக்கு ஒரு முறை அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டத் தவறினால், காரணம் எதையும் கேட்காமல், அது ஹீட்டரை அணைத்து நீராவியை வெளியேற்றி மணியடிக்கும். அதற்குப் புரோகிராமைப் பற்றி எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை என்றார். பெட்டிக்குள் கார்தியன் வேண்டாம், அது பட்டறையிலேயே இருக்கட்டும். ஆனால் இனிமேல் அதற்கு மூன்றாவதாக ஒரு பதிலும் உண்டு. தன்னையே கண்டாலோ, குறித்த நேரத்துக்குள் முடிவு தெரியாவிட்டாலோ, அது ‘தெரியாது’ என்று சொல்லும். தெரியாது என்று வருவதையெல்லாம் மதாம் கையால் பார்ப்பார்.

இன்னொரு காகிதம் அந்தக் கம்பெனிக்கு எழுதிய கடிதம். எந்தப் புரோகிராமையும் சரியாகச் சொல்லும் என்று நான் முன்பு எழுதியது தவறு, அப்படி ஒன்று சாத்தியமில்லை என்று எங்கள் சோதனைப் பிரிவு காட்டிவிட்டது என்று இருந்தது. இதை அனுப்பினால் ஆர்டர் போய்விடாதா முசியே என்று கேட்டேன். போகலாம் என்றார். ‘ஓயும்’ என்று பொய் சொல்லிப் போகிற பெட்டி எந்த ஊருக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது என்றார்.

கடிதம் போய் ஒரு வாரத்தில் அந்தக் கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் நேரில் வந்தார். ஆர்டரை ரத்து செய்யும் முகத்தோடுதான் வந்தார். இத்தனை நாள் முடியும் என்றீர்கள், இப்போது முடியாது என்கிறீர்கள், நாங்கள் எதை நம்புவது என்று கேட்டார். முசியே வாதாடவில்லை. அவரைப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தார். வாட்ச்டாக் வைத்த ஒரு பெட்டிக்குள் அன்றைக்கு மட்டும் கார்தியனையும் என் ஐந்து வரியையும் ஏற்றச் சொன்னார். ‘ஓயாது’ என்று சொன்னால் மட்டும் ஓய வேண்டும், வேறு எது சொன்னாலும் சுற்ற வேண்டும் என்று அதில் ஒரு சொல்லை மாற்றினேன். சிவப்பு பல்பு எரியட்டும், நிஜத்தில் ஹீட்டர் எரிகிற மாதிரி என்றார்.

ஸ்விட்ச் போட்டேன். கார்தியன் ‘தெரியாது’ என்றது. புரோகிராம் சுற்ற ஆரம்பித்தது. சிவப்பு பல்பு எரிந்தது. ஒன்று, இரண்டு. பல்பு அணைந்தது, பச்சை எரிந்தது, மணி அடித்தது.

இன்ஜினியர் குனிந்து திரையில் இருந்த ஐந்து வரியைப் படித்தார். பிறகு, உங்கள் காவல்காரனையே தோற்கடிக்கிற புரோகிராமை யார் எழுதியது என்று கேட்டார். முசியே என் பக்கம் கையைக் காட்டினார்.

“மதாம் எழுதினாங்க. எங்க பெட்டியில அவங்க கையெழுத்துதான் இருக்கும்.”

ஆர்டர் தங்கியது. ஒரு மாதம் தள்ளிப் போனது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை கார்தியன் அந்தப் பட்டறையில் ஓடியது. பெரும்பாலும் ‘ஓயும்’ என்றோ ‘ஓயாது’ என்றோ சொல்லிவிடும். அந்த இரண்டும் நம்பத் தகுந்தவையாகவே இருந்தன. எப்போதாவது ‘தெரியாது’ என்று வரும். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான வேலை. காகிதத்தில் அந்தப் புரோகிராமை எழுதி வைத்துக்கொண்டு, எங்கே சுற்றுகிறது, ஏன் சுற்றுகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் போவேன். சிலவற்றுக்கு ஒரு மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு வாரம். பெரும்பாலானவை பிடிபட்டன. பிடிபடாதவற்றை எழுதியவரிடமே கொடுத்து எளிமையாக எழுதித் தரச் சொன்னேன். இன்றைய செயற்கை அறிவு கார்தியனை விட ஆயிரம் மடங்கு கெட்டிக்காரத்தனம் உள்ளதாக இருக்கலாம். அதுவும் ஒரு புரோகிராம்தான். அது எப்போது ‘தெரியாது’ என்று சொல்கிறது என்று கவனியுங்கள் என்றுதான் அந்தப் பெண்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அப்படி ஒரு முறை கூடச் சொல்லவில்லை என்றால் கையெழுத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நம் மாதிரி ஆட்களுக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்று மட்டும் பயப்படாதீர்கள். போகாது என்பதற்கு நிரூபணமே இருக்கிறது.

அந்த இன்ஜினியர் வந்த நாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. அவரைக் கார் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு முசியே திரும்பி வந்தார். எல்லோரும் அவரவர் மேசைக்குப் போயிருந்தார்கள். நான் பலகையிலிருந்து கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார். ஒன்றரை வருடம் உழைத்து எழுதியதைத் தோற்கடித்த ஐந்து வரியைத் திரையில் இன்னொரு முறை படித்தார். முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். இல்லை.

“கழட்டாதீங்க மதாம். இன்னொரு தரம் ஓட விடுங்க.”

கம்பியை மறுபடி செருகி ஸ்விட்ச் போட்டேன். கார்தியன் தெரியாது என்றது. சிவப்பு பல்பு எரிந்தது. நாங்கள் இருவரும் மணிக்காகக் காத்துக்கொண்டு நின்றோம்.